மேடை போகட்டும் தம்பி, அந்த வரியைக் கேளும்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கோபத்தோடு எழுதியது, சில இடங்களை இரண்டு தரம் வாசித்தால்தான் விளங்கும். ஆட்களின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணை, 2019 இல் கம்பஸில் படிக்கும்போது நானும் இரண்டு கூட்டாளிகளும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் ஒன்று எழுதினோம். அதற்கு என் அம்மம்மாவின் பெயரை வைத்தோம். யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று விடுகிற ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு லைசன்ஸில் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டோம். போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் வேறொரு அணி போன் அப் ஒன்றை 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று வெளியிட்டது. பெயர் வேறு, உள்ளே ஓடுவது எங்கள் கோட். ஆதாரமும் இருக்கிறது: அச்சகத்தில் வேலை செய்த ஒரு அக்கா எங்களுக்குச் சொற்பட்டியல் தந்தவர், அதில் சோதித்துப் பார்க்கத் தன் மகளின் பெயரையும் போட்டிருந்தார், அந்தப் பெயர்கூட அவர்களின் அப்பில் அப்படியே இருக்கிறது. அவர்களின் கிட் ரெப்போவில் (கோடையும் அதை யார் எப்போது மாற்றினார் என்ற வரலாற்றையும் வைக்கும் இடம்) முழுக் கோடும் ஒரே கொமிட்டாக (ஒரே பதிவாக), அவர்களின் பெயரில். மேடையில் ஆறு பேருக்குப் பொன்னாடை, பேப்பரிலும் படம். எங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வழக்குப் போடலாமா? நாங்கள் வைத்த பெயரையே அந்த அப்புக்கும் வைக்கச் சொல்லலாமா? இனி ஒவ்வொரு விளம்பரத்திலும் எங்கள் மூன்று பேரின் பெயரும் வர வேண்டும் என்று கேட்க உரிமை இருக்கிறதா? ஒன்றும் முடியாதென்றால் ரெப்போவை மூடிவிடவா?"

தம்பி,

எங்கள் ஊரில் மரண அறிவித்தல் ஒன்றில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் என்ன நடக்கும் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தியேட்டிக்கு முன்னரே குடும்பம் இரண்டாகும், பிறகு பத்து வருஷத்துக்கு ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகமாட்டார். இத்தனைக்கும் அச்சகத்தில் கடைசி நேரம் இடம் போதாமல் ஒரு வரி விழுந்ததுதான் விஷயமாக இருக்கும். அதனால் இதெல்லாம் சின்ன விஷயம், விடும் என்று நான் சொல்லப்போவதில்லை. இருபது வருஷமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறேன், அதில் கனக்க வேலை காசில்லாத திறந்த மூல வேலை. அந்த வேலையில் ஆளுக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான், அதையும் எடுத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் உமது கடிதம் முழுக்கப் 'பெயர், பெயர்' என்றுதான் இருக்கிறது, அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. பெயர் வைப்பது ஒன்று, பெயர் போடுவது இன்னொன்று, பெயர் எடுப்பது வேறொன்று. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அவர்களுக்கு அனுப்பினீர் என்றால், உமக்கு உரிமை இல்லாத இரண்டைப் பிடித்துக்கொண்டு உரிமை உள்ள ஒன்றையும் சேர்த்து மறுத்துவிடுவார்கள். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெயர் வைப்பதை முதலில் முடிப்போம். அவர்கள் அம்மம்மாவின் பெயரைத் தூக்கிவிட்டு வேறு பெயர் வைத்தது உமக்கு அவமானமாகப் படுகிறது. இதில் நான் அவர்கள் பக்கம். ஒருவரின் மென்பொருளை ஃபோர்க் பண்ணி, அதாவது பிரதியெடுத்துத் தனியாகப் பிரித்து, மாற்றி எழுதினால் பெயரையும் மாற்றுவதுதான் மரியாதை. அதே பெயரில் அவர்கள் அப் விட்டு, கனடாவில் இருக்கும் ஒரு மாமா கோயில் மலரை மாற்றப் போய் பாதி எழுத்து சதுரம் சதுரமாக வந்தால் ஏச்சு யாருக்கு வரும்? உமக்கும் அம்மம்மாவுக்கும்தான்.

பெரிய ஆட்களே இதில் உருண்டு புரண்டிருக்கிறார்கள். மொசில்லாக்காரர் 2002 இல் தங்கள் உலாவிக்கு பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கொம்பனி இருந்தது. அடுத்த வருஷம் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள், அந்தப் பெயரில் ஒரு தரவுத்தள மென்பொருளும் அதைச் சுற்றி ஒரு கூட்டமும் இருந்தது, அவர்கள் கொதித்துப் போனார்கள். 2004 பெப்ரவரியில்தான் ஃபயர்ஃபொக்ஸ். அதோடு முடிந்ததா? 2006 இல் அதே மொசில்லா, இலவச இயங்குதளம் ஒன்றைத் தொகுத்துத் தரும் டெபியன்காரரிடம், எங்கள் பெயரைப் போடுவதென்றால் சின்னத்தையும் சேர்த்துப் போட வேண்டும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு எங்களிடம் சம்மதமும் வாங்க வேண்டும் என்றது. சின்னம் சுதந்திர லைசன்ஸில் இல்லை. டெபியன் பேசாமல் ஐஸ்வீசல் என்று வேறு பெயர் வைத்துப் பத்து வருஷம் ஓட்டியது, 2016 இல்தான் இரண்டு பகுதியும் ராசியானது. எழுத்துரு செய்கிற ஆட்களிடம் கேட்டால் இன்னும் வடிவாகச் சொல்வார்கள். அவர்கள் அதிகம் பாவிக்கும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு லைசன்ஸில் 'ஒதுக்கப்பட்ட பெயர்' என்று ஒன்று உண்டு. எழுத்துருவை எடும், மாற்றும், விநியோகியும், ஆனால் மாற்றியதற்கு எங்கள் பெயரை எழுத்து மூல அனுமதி இல்லாமல் வைக்காதேயும் என்று அது சொல்கிறது. நீர் கேட்பது அதற்கு நேரெதிர். நீங்கள் மாற்றியதற்கும் எங்கள் பெயரை வையுங்கள் என்று கேட்க எந்த லைசன்ஸும் இடம் தராது.

அந்தப் பெயர் வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்பதுதான் கவலை என்றால் அது வேறு கதை, கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவது பற்றி யோசிக்கலாம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பெயரையே தொண்ணூறுகளில் அமெரிக்காவில் அதை எழுதாத ஒருவர் தன் பெயரில் பதிந்து, விற்கிறவர்களிடம் பங்கு கேட்டு, பிறகு வழக்காகி, 1997 இல்தான் அது லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸின் கைக்கு வந்தது. உமது நிலைமை அந்தளவுக்கு இல்லை. செலவழிக்க வேண்டாம்.

இனி பெயர் போடுவது. உமக்குப் பலம் இருப்பது இங்கேதான், ஆனால் நீர் நினைக்கிற அளவுக்கு இல்லை.

உமது ரெப்போவைத் திறந்து பார்த்தேன். பதினான்கு கோப்பு. 'பதிப்புரிமை 2019' என்ற வரியும் உங்கள் மூவரின் பெயரும் மூன்று கோப்பின் தலையில் மட்டும் இருக்கிறது. மற்றப் பதினொன்றும் வெறுந்தலை. லைசன்ஸ் கோப்பு, இணையத்தில் கிடைக்கும் ஜிபிஎல் வாசகம் அப்படியே. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'நாங்கள் மாணவர்கள், அன்போடு செய்தோம்' என்று இருக்கிறது, நாங்கள் யார் என்று இல்லை! மென்பொருளில் 'பற்றி' என்று ஒரு திரையும் இல்லை. அது இருந்து, அதில் உங்கள் பதிப்புரிமை வரியும் இருந்திருந்தால் ஜிபிஎல் மூன்றின் ஐந்தாம் பிரிவுப்படி அவர்களின் அப்பிலும் அது தெரிந்தாக வேண்டும். நீர் வைக்கவில்லை, ஆகவே அவர்களுக்கும் கட்டாயம் இல்லை. ஏழாம் பிரிவில் ஆசிரியர் பெயரைக் காக்க வேண்டும் என்று மேலதிகமாக ஒரு நிபந்தனை சேர்க்கவும் இடம் இருந்தது, அதையும் நீர் தொடவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இருபத்திரண்டு வயதில் யார்தான் லைசன்ஸை முழுக்க வாசித்தது?

அப்படியிருந்தும் அவர்கள் பிழைவிட்ட இடங்கள் இருக்கின்றன. அந்த மூன்று கோப்பின் தலையில் இருந்த வரியை அழித்திருக்கிறார்கள், அது கூடாது. இன்னொருவரின் மென்பொருளை மாற்றியிருக்கிறோம், இன்ன திகதியில் மாற்றினோம் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அறிவிக்க வேண்டும், அதையும் காணவில்லை. இலங்கைச் சட்டத்திலும் உமக்கு ஒரு பிடி உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் எழுத்துப் படைப்புப் போலவே காக்கிறது. காசு பண்ணும் உரிமைகள் ஒரு பக்கம், அதிலிருந்து தனியாகப் படைத்தவரின் தார்மீக உரிமை என்று இன்னொன்றையும் சொல்கிறது, தன் படைப்பில் தன் பெயர் வர வேண்டும் என்பது அதில் அடக்கம். நான் சட்டத்தரணி இல்லை. வழக்குத்தான் என்று நிற்பீர் என்றால் ஒருவரிடம் போய்க் கேளும், ஆனால் மூன்று வரிக்காகக் கோட்டுக்குப் போனால் எத்தனை தவணை, எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போம்.

அந்த 'ஒரே கொமிட்' விஷயம். கடிதத்தில் நீர் ஆகக் கோபப்பட்டது இதற்குத்தான், "வரலாற்றையே அழித்துவிட்டார்கள்" என்று அடிக்கோடும் போட்டிருக்கிறீர். தம்பி, அது சதியாக இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம், என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது தரம் சோம்பல். ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பில் பச்சை நிறப் பொத்தானை அமத்தி ஸிப்பாக இறக்கினால் கோப்புகள் மட்டும்தான் வரும், வரலாறு வராது. அதை ஒரு போல்டரில் விரித்து, புதிதாகக் கிட் தொடங்கி, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் பதினான்கு கோப்பின் ஒவ்வொரு வரியும் போட்டவரின் பெயரில் விழும். யார் எழுதியது என்று கிட்டிடம் கேட்டால் அதுவும் கூசாமல் அவரைத்தான் காட்டும்.

நம்பமாட்டீர் என்றால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பாகமான கேர்னலையே பாரும். டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதிய கையோடு கேர்னலை அதற்குள் கொண்டுவந்தபோது, அதற்கு முந்திய பதினான்கு வருஷ வரலாற்றையும் கொண்டுவர மெனக்கெடவில்லை, அப்படி அந்த முதல் கொமிட்டிலேயே எழுதியும் வைத்தார். இன்றைக்கும் கேர்னலின் ஒரு பழைய வரியை யார் எழுதியது என்று அந்த ரெப்போவில் கேட்டால் பல இடத்தில் அந்த ஒரு கொமிட்டில்தான் போய் முட்டும், போட்டவர் பெயர் லினஸ். எழுதியதோ உலகம் முழுக்க இருந்த ஆட்கள். அதற்காக யாரும் அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் கோப்புத் தலைகளில் எழுதியவர்களின் பதிப்புரிமை வரிகள் அப்படியே இருந்தன, கிரெடிட்ஸ் என்று தனிக்கோப்பும் இருந்தது. ஆகவே கொமிட் ஒன்றாகப் போனதை நீர் பொறுக்கலாம். தலைவரி போனதைப் பொறுக்க வேண்டாம்.

பெயர் எடுப்பது, அதாவது மேடை, பொன்னாடை, பேப்பர்ப் படம், விளம்பரம். இதில் உமக்கு ஒரு உரிமையும் இல்லை. இருக்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் கேளும்.

பேர்க்லியில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் பிஎஸ்டி என்ற இயங்குதள மென்பொருளுக்கு நீர் கேட்கிற அதே நிபந்தனையைத்தான் போட்டிருந்தது. இதைப் பற்றி எங்கே விளம்பரம் செய்தாலும் எங்கள் பெயரைச் சொல்லி ஒரு வசனம் போட வேண்டும். ஒரு பல்கலைக்கழகம், ஒரு வசனம், அதில் என்ன பாரம் என்றுதான் தோன்றும். ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களும் பேர்க்லியின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டு அதே நிபந்தனையைத் தங்கள் கோடுக்கும் வைத்தார்கள். பிஎஸ்டியில் இருந்து கிளைத்த நெற்பிஎஸ்டியின் 1997 பதிப்பு ஒன்றில், ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் எண்ணிப் பார்த்தபோது இப்படி 75 வசனம். எங்கள் கோயில்களில் ரியூப் லைட்டில் உபயகாரரின் பெயர் எழுதி எழுதி வெளிச்சம் வராமல் போகுமே, அதே கதை. 1999 இல் பல்கலைக்கழகமே அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அப்படியும் பாடம் படிக்காமல் 2004 இல், லினக்ஸில் திரையில் சாளரங்களைக் காட்டும் மென்பொருளைச் செய்த எக்ஸ்ஃப்ரீ86 என்ற அணி தன் லைசன்ஸில் அதே மாதிரி ஒரு நன்றி நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு லினக்ஸ் விநியோகமாகக் கழன்று, அதிலிருந்து பிரிந்த எக்ஸ்.ஓர்க் பக்கம் போய்விட்டது. எக்ஸ்ஃப்ரீ86 என்று ஒன்று இருந்தது உமக்குத் தெரியுமா? அதுதான்.

ஸ்டோல்மனின் சொந்தக் கதை இன்னும் பரிதாபம். 1983 இல் குனூ என்ற சுதந்திர இயங்குதளத் திட்டத்தை அறிவித்து, கம்பைலர், ஷெல், இன்னும் ஒரு இயங்குதளத்துக்கு வேண்டிய பெரும்பாலான பாகங்களை அவரும் கூட்டாளிகளும் எழுதி முடித்தாயிற்று, கேர்னல்தான் குறை. 1991 இல் பின்லாந்தில் ஒரு மாணவன் கேர்னலை எழுதினான், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு இயங்குதளம். உலகம் அந்த முழு இயங்குதளத்தையும் 'லினக்ஸ்' என்றது. (அந்த மாணவனும் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 'ஃப்ரீக்ஸ்' என்றுதான் அவர் யோசித்திருந்தார், சேர்வரில் இடம் கொடுத்த நண்பர் போல்டருக்கு 'லினக்ஸ்' என்று பெயர் போட்டுவிட்டார். பெயர் ஒட்டுவது இப்படித்தான்.) குனூ/லினக்ஸ் என்று சொல்லுங்கள், எங்கள் பங்கையும் சொல்லுங்கள் என்று ஸ்டோல்மன் பல வருஷமாகக் கேட்கிறார், கூட்டங்களில் திருத்துகிறார். வரலாற்றுப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் அதை மறுக்கமாட்டேன். ஆனால் சனத்தின் வாயில் ஏறிய பெயரை நியாயம் பேசி இறக்க முடியாது. அவர் கேட்டது எங்கே நிலைத்தது என்றால் டெபியனில். அவர்கள் 1994 இலேயே, இளம் பருவத்திலேயே, டெபியன் குனூ/லினக்ஸ் என்று எழுதத் தொடங்கினார்கள், இன்றைக்கும் அப்படித்தான். சூட்டோடு சூடாக, எழுதிவைக்கிற ஒரு இடத்தில் கேட்டது கிடைத்தது. பேச்சில் கேட்டது கிடைக்கவில்லை.

உமது விஷயம் இப்போதுதான் ஒரு மாதம். சூடு ஆறவில்லை.

சரி, இப்போது நீர் ஒரே ஒரு வசனத்தில் கடந்து போன ஆளிடம் வருகிறேன். அச்சகத்து அக்கா.

பாமினி பற்றித் தெரியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பாமினியில் 'கொக்குவில்' என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பிறகு. கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும், அது ஒரு மணித்தியால வேலை, எந்தப் பெடியனும் எழுதுவான். கஷ்டம் ஔகாரத்தில். பாமினியில் ஔகாரத்துக்கென்று தனிக் குறி இல்லை, கொம்பு, எழுத்து, அப்புறம் சாதாரண ளகரம். ஆகவே 'கௌரி'யில் வருவதும் 'வெளியீடு' என்பதில் வருவதும் கணினிக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் 'வௌியீடு' என்று வரும், 'வௌ்ளிக்கிழமை' என்று வரும், இந்தக் கோலத்தில் இணையத்தில் எத்தனை செய்தி கிடக்கிறது என்று பாரும். எல்லாவற்றையும் ளகரமாக விட்டால் கலியாணக் கார்டில் 'செளபாக்கியவதி' என்று நிற்கும். எது எங்கே என்று கோடுக்குத் தெரியாது, நாள் முழுக்க அச்சகத்தில் இருந்து கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் பாடசாலை மலரும் அடித்த ஒருவருக்குத் தெரியும். உமது ரெப்போவில் உள்ள அந்தச் சொற்பட்டியல் கோப்பை முழுக்க வாசித்தேன். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தர்யம் என்று தொடங்கி ஆட்பெயர், ஊர்ப்பெயர், கோயில்பெயர் எல்லாம் போகிறது. கடைசியில் அந்தப் பிள்ளையின் பெயர், கௌவில் தொடங்குவது. நேர்மையாகச் சொன்னால் உமது மென்பொருளில் மற்றவர்கள் எழுத முடியாதது அந்தக் கோப்பு ஒன்றுதான்.

அது யார் பெயரில் கொமிட் ஆகியிருக்கிறது? உமது பெயரில். பதிப்புரிமை வரியில்? மூன்று பெடியள். ரீட்மீயில்? இல்லை. அவர்கள் களவெடுத்ததற்கு ஆதாரமாக அவரின் மகளின் பெயரைக் காட்டுகிறீர், அவரின் பெயரைத் தேடி உமது ரெப்போ முழுக்கத் துழாவினேன், கிடைக்கவில்லை.

கோபிக்காதேயும், நானும் இதைச் செய்தவன். பல வருஷத்துக்கு முன் ஒரு டெஸ்க்டொப் சூழலைத் தமிழாக்கும் வேலையில் இருந்தேன். மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையில் 'கடைசியாக மொழிபெயர்த்தவர்' என்று ஒரு வரி உண்டு. ஒரு நாள் திறந்தால் அதில் என் பெயர் போய் வேறு யாரோ. இரண்டு இரவு நித்திரை இல்லை, சண்டைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சலும் எழுதி வைத்தேன். அனுப்ப முன் ஆதாரம் தேடிப் பழைய பதிப்புகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எனக்கு முன் இருந்தவரின் பெயரை நான் அதே மாதிரி அழித்திருக்கிறேன். வேண்டுமென்று இல்லை, நான் பாவித்த எடிட்டர் சேமிக்கும்போது தானாகவே அந்த வரியில் என் பெயரை எழுதிவிடும். பெயர் நிலைக்க வேண்டிய இடம் அதற்கு மேலே உள்ள குறிப்பு வரிகள், ஆளும் வருஷமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவது, அங்கே நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. அந்த மின்னஞ்சல் இன்னும் என் வரைவுப் பெட்டியில் கிடக்கிறது.

ஆகவே உமக்கு இந்தக் கிழமை வேலை இரண்டு. முதல் வேலை வீட்டுக்குள். 'நன்றி' என்று ஒரு கோப்பு வையும், யார் என்ன செய்தார் என்று எழுதும், கோட் எழுதினது மட்டும் வேலை என்று நினைக்காமல். கேர்னல்காரர் கொமிட்டின் அடியிலேயே பிழை சொன்னவர், சோதித்தவர், யோசனை தந்தவர் என்று தனித்தனியாகப் பெயர் எழுதுகிறார்கள், அதைப் பார்த்து எழுதலாம். அவர்களின் கிரெடிட்ஸ் கோப்பு தன்னைப் பற்றியே இது முழுமையான பட்டியல் இல்லை என்று ஒத்துக்கொண்டுதான் தொடங்கும், அந்தத் தந்திரத்தையும் எடும், நாளைக்கு ஒருவர் வந்து நானும் இருந்தேன் என்றால் சேர்க்க வசதி. பழைய கொமிட்டுகளை மட்டும் திருத்தப் போகாதேயும். 2019 திகதிதான் உமது சாட்சி. அதே காரணத்துக்காக ரெப்போவை மூடவும் வேண்டாம். மூடினாலும் கொடுத்த லைசன்ஸைத் திருப்பி எடுக்க முடியாது, அவர்களிடம் உள்ளது அவர்களிடம் இருக்கும், உம்மிடம் இருந்த ஆதாரம்தான் கண்ணில் இருந்து மறையும்.

இரண்டாவது, அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல். முகநூலில் பதிவு போட்டுவிட்டு மின்னஞ்சல் எழுதாதேயும், பொதுவில் 'கள்ளர்' என்று சொன்ன பிறகு யாரும் கோப்பைத் திருத்தமாட்டார்கள், தங்கள் மானத்தைத்தான் திருத்துவார்கள். அளவு இவ்வளவுதான்:

"வணக்கம். உங்கள் அப் எங்கள் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது என்று கண்டோம், நீங்கள் அதைப் போனுக்குக் கொண்டுவந்தது எங்களுக்குச் சந்தோஷம். ஜிபிஎல் மூன்றின்படி மூன்று திருத்தம் வேண்டும். இந்த மூன்று கோப்புகளின் தலையில் இருந்த பதிப்புரிமை வரிகளைத் திரும்பப் போடுங்கள். நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் எழுதுங்கள். எங்கள் ரெப்போவில் இப்போது உள்ள நன்றிக் கோப்பை உங்கள் பக்கமும் சேருங்கள். முடிந்தால் எங்கள் ரெப்போவை முறையாக ஃபோர்க் பண்ணி உங்கள் மாற்றங்களை அதன் மேல் போடலாம், உதவி வேண்டுமென்றால் நாங்கள் செய்து தருகிறோம். 30 நாளுக்குள் செய்தால் லைசன்ஸ் விஷயத்தில் எங்களுக்கு வேறு முறைப்பாடு இல்லை."

முப்பது நாள் என்பது என் கற்பனை இல்லை, முதல் தடவை பிழைவிட்டவர் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை முழுமையாகத் திரும்பும் என்று எட்டாம் பிரிவில் இருக்கிறது. முதலிரண்டும் லைசன்ஸ்படி உமது உரிமை. மூன்றாவது சட்டப்படி பலவீனம், எனக்குத் தெரியும், மற்ற இரண்டோடு சேர்த்து மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மேடை பற்றி ஒரு சொல்லும் எழுதாதேயும். உள்ளே வரி திரும்பிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர்களாகவே சொல்லக்கூடும், சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஆனால் இந்த மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்ப வேண்டாம். முதலில் அக்காவைப் போய்ப் பாரும். போனில் கேட்காதேயும், நேரில் போம். அந்தப் பட்டியல் அவர் தொகுத்தது, அதை ஜிபிஎல்லில் போடுகிறோம் என்று 2019 இல் அவரிடம் சொன்னீரா? சொல்லாவிட்டால் இப்போது சொல்லும், சம்மதமா என்று கேளும், மகளின் பெயர் அந்தக் கோப்பில் தொடர்ந்து இருக்கலாமா என்றும் கேளும், அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும். பிறகு நன்றிக் கோப்பில் தன் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லும். கலியாணத்துக்கு முந்தின முதலெழுத்தா பிந்தினதா, கிரந்த எழுத்து வருமா வராதா என்று நீராக ஊகித்துப் போட வேண்டாம், வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பெயரைப் பிழையில்லாமல் அடித்தவர் அவர்.